மேலைநாட்டுக் கீர்த்தனம்: நாமமா, கச்சேரியா?

சிப்ளாக்கட்டை எழுதியது:

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரின் பஜனை கோஷ்டியில் முப்பது ஆண்டுகளாகப் பின்பாட்டுப் பாடி வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மகள், இறைவன் நாமங்களைக் கூட்டாகப் பாடும் கீர்த்தனத்தால் பெயர்பெற்ற அமெரிக்கப் பாடகர் கிருஷ்ண தாஸ் என்பவருடைய ‘லைவ் ஆனந்தா’ இசைத்தொகுப்பை அனுப்பியிருந்தாள். 2013ஆம் ஆண்டு கிராமி விருதுக்கு ‘நியூ ஏஜ்’ பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட தொகுப்பு அது. அவர் வட இந்திய மகான் நீம் கரோலி பாபாவின் சீடர். குரலில் உருக்கம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மேடை, ஒளியமைப்பு, நுழைவுச்சீட்டு, பாடகரின் பெயரைப் பெரிதாகத் தாங்கிய சுவரொட்டி என்று அமையும்போது அது கச்சேரியாகிவிடுகிறது என்பதே என் கருத்து. எங்களிடம் தோடயமங்களம் என்னும் தொடக்கப் பாடல்களில் தொடங்கி, குருத்யானம், ஜெயதேவரின் அஷ்டபதி என்று போய், திவ்யநாமத்தில் குத்துவிளக்கைச் சுற்றி வரும்போது, முன்னால் பாடிய பாகவதரும் எங்களோடு ஒருவராகச் சுற்றி வருவார். அந்த நேரத்தில் யார் பாடகர், யார் கேட்பவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதைவிட என்னை வருத்துவது காயத்ரி. ஜெர்மனியில் பிறந்த தேவா பிரேமால் 1998இல் வெளியிட்ட ‘தி எசன்ஸ்’ தொகுப்பில் காயத்ரி மந்திரம் மெல்லிசையாக ஒலிக்கிறது. உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற ஏற்ற இறக்கத்தோடு குருமுகமாகப் பெற வேண்டியதை யோகா வகுப்பின் பின்னணி இசையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்தது என்ற கோட்டை எங்கே போடுவது? தங்கள் கோஷ்டியில் நிச்சயம் ஆர்மோனியம் இருக்கும். அது 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற கருவி. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி வாசிக்கும்படி மாற்றியமைத்தார். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு இடம்கொடாத அந்நியக் கருவி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது; 1971 வரை அந்தத் தடை நீடித்தது. இன்று ஆர்மோனியம் இல்லாத பஜனையை நம்மால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வங்காளத்தில் கிருஷ்ண பக்தரான சைதன்யர் நாமத்தைக் கோயிலுக்குள் நிறுத்தாமல் தெருவுக்குக் கொண்டுவந்தார். நாமத்தை நினைப்பதற்குக் கால நியமம் இல்லை என்று அவருடைய சிக்ஷாஷ்டகம் என்னும் எட்டுச் சுலோகங்கள் சொல்கின்றன. 1969இல் லண்டன் ராதா கிருஷ்ணா கோயில் பக்தர்களை வைத்து பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தயாரித்த ‘ஹரே கிருஷ்ணா மந்த்ரா’ இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏறியது. தெரு என்பது அந்தக் காலத்தில் வானொலியாக மாறியிருந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

சிப்ளாக்கட்டை எழுதியது:

ஆர்மோனியத்தைப் பற்றித் தாங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பது என் வாதமன்று. கார்ட் என்னும் ஸ்வர அடுக்குகள் நாமத்தின் அடியில் மாறிக்கொண்டே இருப்பதுதான் என் கவலை. எங்களுக்குச் சுருதி தரையைப் போல அசையாமல் இருக்கும். அதன்மேல் நாமம் எழும். கார்ட்கள் மாறும்போது, இங்கே உருக வேண்டும், இங்கே மகிழ வேண்டும் என்று பாடுபவருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

நெய்விளக்கு எழுதியது:

நான் மேற்கத்திய பியானோ கற்பிப்பவள். ஐயா கூறிய கார்ட் பற்றிய கருத்து மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது. ஆனால் அதற்கு ஒரே விளைவுதான் உண்டு என்று சொல்ல முடியாது. ஆலிஸ் கோல்ட்ரேன் அவர்களின் பாடல்களை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

டெட்ராய்ட் நகரில் பிறந்து, இளமையிலேயே தேவாலயத்தில் பியானோவும் ஆர்கனும் வாசித்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். கணவரான ஜாஸ் இசைக்கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் மறைந்த பிறகு ஆழ்ந்த துயரில் இருந்தவருக்கு வழிகாட்டியவர், கோவைப் பகுதியின் செட்டிபாளையத்தில் பிறந்து 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கி வைத்த சுவாமி சச்சிதானந்தர். 1983இல் ஆலிஸ் கலிபோர்னியாவின் அகூராவில் ஓர் ஆசிரமம் அமைத்தார். அங்கே ஞாயிறுதோறும் கூட்டுப்பாட்டு நடந்தது. முன்னவர் ஒரு வரி பாட, சபை அதைக் கைதட்டலோடு வாங்கிப் பாடும் வழக்கம் கறுப்பின தேவாலயங்களுக்கும் உண்டு, நம் பஜனைக்கும் உண்டு. ஆகவே அந்தக் கூடத்தில் இரண்டு மரபுகளையும் யாரும் வலிந்து ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பதிவுகள் ஒலிநாடாக்களாக ஆசிரம வட்டத்திலேயே புழங்கியவை. 1982இல் வந்த ‘துரியா சிங்ஸ்’ பதிவின் எளிய வடிவத்தை, அவருடைய குரலும் வர்லிட்சர் ஆர்கனும் மட்டுமே இருக்கும்படி, மகன் ரவி கோல்ட்ரேன் 2021இல் வெளியிட்டார். அதில் ‘யமுனா தீர விஹாரி’ என்று தாழ்ந்த குரலில் அவர் ஒரு ஸ்வரத்தை நீட்டும்போது, அடியில் ஆர்கனின் கார்ட் மெல்ல நகர்கிறது. ஸ்வரம் மாறவில்லை, அதன் நிறம் மட்டும் மாறுகிறது. ஒரே கிருஷ்ணனைத் துயரத்திலிருந்தும் பார்க்கலாம், ஆறுதலிலிருந்தும் பார்க்கலாம் என்று எனக்கு அங்கே தோன்றியது. உணர்ச்சியை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கும் வேலையை அந்தக் கார்ட்கள் செய்யவில்லை. அந்த ஆசிரமக் கட்டடம் 2018ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் அழிந்துவிட்டது என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

சுருதிப்பெட்டி எழுதியது:

நெய்விளக்கு அவர்களுக்கு நன்றி. காயத்ரியைப் பொறுத்தவரை நான் ஐயாவின் பக்கம் நிற்கிறேன். நாமத்துக்கு நியமம் இல்லை என்று வாதிட்ட நானே, நியமம் உள்ள வேதமந்திரத்துக்கும் அதே சலுகையைக் கேட்பது நேர்மையாகாது. தாயின் வயிற்றில் இருந்தபோதே தந்தை தனக்குக் காயத்ரி பாடியதாகத் தேவா பிரேமால் கூறியிருக்கிறார்; அவருடைய பக்தியை நான் ஐயுறவில்லை. இருந்தாலும் ஸ்வரம் தவறிய வேதத்தை இனிமை ஈடுசெய்துவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிப்ளாக்கட்டை எழுதியது:

நேற்று இரவு அந்த ‘யமுனா தீர விஹாரி’யைக் கேட்டேன். இரண்டாம் முறை கேட்கும்போது, என்னையறியாமல் ஒரு கை சிப்ளாக்கட்டையைத் தேடியது. பிறகு, இதற்குத் தாளம் தேவையில்லை என்று கையை மடித்துக்கொண்டு கேட்டேன். நுழைவுச்சீட்டைப் பற்றியும் சுவரொட்டியைப் பற்றியும் நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கார்ட் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வரும் ஏகாதசியன்று பஜனை தொடங்குவதற்கு முன் எங்கள் பாகவதருக்கு இதைப் போட்டுக் காட்டப் போகிறேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. அவர் என்ன சொல்கிறார் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.