ஜப்பானில் ஆரஞ்சு ஏன் இந்த விலை? எதை, எப்போது வாங்கலாம்?

கார்த்தி_சைத்தாமா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஏப்ரலில்தான் குடும்பத்தோடு ஜப்பான் வந்தோம். நாலு வயது மகளுக்கு ஆரஞ்சு என்றால் உயிர். ஊரில் கிலோ கணக்கில் வாங்கிப் பழகிய எனக்கு இங்கே கடையில் ஒன்றுமே பிடிபடவில்லை. வந்த புதிதில் காம்புப் பக்கம் முண்டாகப் புடைத்த ஒரு பழம் பார்த்தேன், ஒன்று 300 யென்னுக்கு மேல். இப்போது நவம்பர் கடைசியில் ஒரு பை நிறைய சின்னப் பழம் 500 யென்னுக்குக் கிடைக்கிறது. அதே தட்டில், பக்கத்திலேயே, ஒரே ஒரு பழத்தை வலைபோட்டுச் சுற்றி அதுவும் 500 யென் என்கிறார்கள். பரிசுப் பெட்டிகளின் விலையை இங்கே எழுதவே மனம் வரவில்லை.

இதில் விலை எதை வைத்து? குழந்தைக்கு எது வாங்கினால் சரியாக இருக்கும்? இன்னொன்று, எலுமிச்சை ஊறுகாய் போடலாம் என்றால் கடை எலுமிச்சையின் தோல் நம்மூர்ப் பழம் மாதிரி இல்லை. மாமியார் ஜனவரியில் வருகிறார். வரும்போது ஊரிலிருந்து எலுமிச்சையும் நார்த்தங்காயும் எடுத்து வரட்டுமா என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வித்யா_ஒசாகா:

குழந்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மிகான் வாங்குங்கள், நீங்கள் பையில் பார்த்த சின்னப் பழம்தான் அது. விதை இல்லை, நகம் பட்டாலே தோல் உரியும். எங்கள் பக்கம் வாகாயாமா மாநிலத்து அரிதா மிகான் நிறைய வரும். பெரிய பழத்தைத் தேடாதீர்கள், சின்னதுதான் இனிப்பு. பை வாங்குவதைவிட 5 கிலோ அட்டைப் பெட்டி லாபம். பெட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் வெளியே கொட்டி, அடியில் நசுங்கியது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒன்று பூஞ்சை பிடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போய்விடும்.

புளியங்குடிக்காரன்:

கார்த்தி, நான் எஹிமே மாநிலத்தில் பழம் தரம் பிரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் புளியங்குடி. அப்பா எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். பள்ளி விட்டால் அந்தக் கடையில்தான் இருப்பேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த ஊர்ப் பழத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். செப்டம்பர் கடைசியில் தோல் பச்சையாகவே இருக்கும் முதல் மிகான் வரும், புளிப்பு தூக்கல். நவம்பர், டிசம்பர்தான் மிகானின் உச்சம். ஜனவரியில் எங்கள் பக்கத்து இயோகான் என்ற ரகம். பிப்ரவரி, மார்ச்சில் தேகோபோன், செதோகா. அப்புறம் கியோமி. மே மாதம் வெயில் ஏறும்போது கவாச்சி பங்கான். நீங்கள் ஏப்ரலில் பார்த்த முண்டுப் பழம் தேகோபோன். அதன் ரகப் பெயர் ஷிரானுய். 1972இல் நாகசாகியில் கியோமி, பொன்கான் என்ற இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து உண்டாக்கியது. எல்லா ஷிரானுய்யையும் தேகோபோன் என்று விற்க முடியாது. விவசாயக் கூட்டுறவு வழியாக வரவேண்டும், இனிப்பு அளவு (சாற்றில் ஏறத்தாழ எத்தனை சதவீதம் சர்க்கரை என்பது) 13க்குக் குறையக்கூடாது, புளிப்பு 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த வரம்புக்குள் வராத பழம் ஷிரானுய் என்ற பெயரிலேயே விலை குறைவாக விற்கும். வலைபோட்ட 500 யென் பழம், இந்த மாதத்தில் என்றால், அனேகமாக எஹிமேயின் பெனி மடோன்னாவாக இருக்கும். தோல் மெல்லியது, உள்ளே ஜெல்லி மாதிரி. கையால் உரித்தால் சாறு ஒழுகி வீணாகும், கத்தியால் கீற்றுப் போட்டுக் கொடுங்கள்.

சரி, விலைக்கு வருகிறேன். அது தீர்மானமாகும் இடம் தரம் பிரிக்கும் கூடம். மஞ்சள் பிளாஸ்டிக் கூடைகளில், கூடைக்கு 20 கிலோ அளவில், விவசாயிகள் சிறு லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். பெல்ட்டின் தொடக்கத்தில் நிற்கும் அம்மாக்கள் அழுகலையும் வெடிப்பையும் கண்ணால் பார்த்தே எடுத்துப் போடுவார்கள். அந்த வேகம் எந்த இயந்திரத்துக்கும் வராது. பிறகு பழங்கள் ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே போகும்; நிறம், வடிவம், தோலின் தழும்பு எல்லாம் பதிவாகும். அடுத்து ஓர் ஒளி பழத்தை ஊடுருவிப் போகும். அறுக்காமல், துளை போடாமல், கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று எண் வந்துவிடும். காலையில் கூடம் ஓடத் தொடங்கும் முன் என் வேலை என்னவென்றால், சில பழங்களை இயந்திரத்தில் விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பழங்களைப் பிழிந்து சாற்றை அளவைக் கருவியில் வைத்துப் பார்ப்பது. இரண்டு எண்ணும் ஒத்துவரும்வரை பெல்ட்டை ஓட்ட விடமாட்டேன். ஒரு விவசாயியின் வருஷ வருமானம் அந்த எண்ணில் இருக்கிறது.

புளியங்குடியில் வியாபாரி ஒரு பழத்தை எடுத்து உருட்டி, தோலை அமுக்கி, மூட்டைக்கு ஒரு விலை சொல்வார். வெயில் காலத்தில் அது பல மடங்கு ஏறும், மழை பெய்தால் சரியும். இங்கே ஒவ்வொரு பழத்துக்கும் தனித் தீர்ப்பு. மிகானில் 5.5 முதல் 6.1 சென்டிமீட்டர் வரை விட்டம் என்றால் எஸ், அதற்கு மேல் 6.7 வரை எம், 7.3 வரை எல், அப்படிப் போகும். வித்யா சொன்னது சரிதான், எஸ்ஸுக்குத்தான் கிராக்கி. 3 எல் என்று எழுதியிருந்தால் விலை இறங்கிவிடும். பழம் தண்ணீர் குடித்துப் பெருத்திருக்கும், இனிப்பு நீர்த்திருக்கும். நல்ல தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே மரத்தைத் தண்ணீருக்கு ஏங்க விடுவார்கள். மரத்தடியில் வெள்ளை விரிப்பைப் போட்டு மழைநீர் வேருக்குள் இறங்காமல் தடுப்பார்கள். அந்த விரிப்பு வெயிலையும் கீழிருந்து பழத்தின் மேல் திருப்பியடிக்கும்.

இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. காற்றில் கிளை உரசித் தோலில் பழுப்புத் தழும்பு விழுந்தாலே பழம் தரம் இறங்கிவிடுகிறது. உள்ளே சுளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒளி சொல்லும் எண்ணும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் கேமரா கழித்துவிடும். ரொம்ப மோசமானது சாறு பிழியும் ஆலைக்குப் போகும். அங்கே விவசாயிக்குக் கிடைப்பது பெட்டிப் பழத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது அந்தத் தழும்புப் பழத்தை. தோட்டக்காரர்களே இணையத்தில் ‘வக்கே ஆரி’ என்று போட்டு 5 கிலோ, 10 கிலோ பெட்டியாக விற்கிறார்கள். சைத்தாமாவுக்கு அனுப்பும் செலவு சேர்த்தாலும் அனேகமாக உங்கள் கடை விலைக்குக் கீழேதான் வரும். பணமும் நேராக அவர் கைக்குப் போகும்.

ராமன்_யோகோஹாமா:

நான் இங்கே முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இவ்வளவு விலைக்குக் காரணம் அரசு உள்ளூர் விவசாயிக்குக் கட்டிய வேலிதான் என்பது என் கருத்து. ஆரஞ்சு இறக்குமதிக்கு அளவு வரம்பு இருந்ததை 1991இல்தான் எடுத்தார்கள், சாறுக்கு 1992இல். அப்போது கலிஃபோர்னியா ஆரஞ்சு மலிவாகக் கிடைத்தது, நாங்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கினோம். அதற்குப் பிறகும் வரி இருந்தது, அதுவும் மிகான் பருவமான குளிர்காலத்தில் கூடுதல் வரி. போட்டி இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் விலை இறங்கியிருக்கும்.

புளியங்குடிக்காரன்:

ராமன் ஐயா, வரியைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் மிகானின் கதை 1991க்கு முன்பே திரும்பிவிட்டது. அறுபதுகளில் அரசே ஊக்கம் கொடுத்து மலையெல்லாம் மிகான் நட வைத்தது. 1972இல் விளைச்சல் மிதமிஞ்சி விலை அதலபாதாளத்துக்குப் போனது. 1975இல் உச்சமாக 36 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. பிறகு மரத்தை வெட்டச் சொல்லி அதே அரசு பணம் கொடுத்தது. இப்போது மொத்த விளைச்சல் 7 லட்சம் டன்னுக்கும் கீழே. வேலி போட்டு வளர்த்த தொழில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குமா, சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் காரணம் மலையும் வயதும்தான். ஒருமுறை யாவாதஹாமா பக்கம் வந்து பாருங்கள். கடலிலிருந்து நேராக எழும் சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டுத் தோட்டங்கள். அங்கே மூன்று சூரியன் உண்டு என்பார்கள். வானத்தில் ஒன்று, கடலில் பட்டுத் தெறிப்பது ஒன்று, கல் சுவரில் பட்டுத் திரும்புவது ஒன்று. பழத்துக்கு இனிப்பு கொடுப்பது அந்தச் சரிவு. டிராக்டரை உள்ளே விடாததும் அதே சரிவுதான். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன இன்ஜின் வண்டி கூடைகளை இழுத்துக்கொண்டு ஏறி இறங்கும். மற்றதெல்லாம் கை வேலை. ஒவ்வொரு பழத்தையும் காம்பில் இரண்டு முறை வெட்டவேண்டும்: முதலில் மரத்திலிருந்து, பிறகு மிச்சக் காம்பை ஒட்ட நறுக்கி. காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். எனக்குத் தெரிந்த தோட்டக்காரர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல மூலைகளிலிருந்து இளைஞர்களைப் பகுதிநேர வேலைக்கு வரவழைத்து, ஊரில் தங்க வைத்துத்தான் அறுவடை நடக்கிறது. 2018 ஜூலை மழையில் உவாஜிமாவின் யோஷிதா பகுதியில் தோட்டங்கள் மலையோடு சரிந்தன. புதிதாக நட்ட கன்று காய்க்கச் சில வருஷம் ஆகும். எழுபது வயதில் அதைத் தொடங்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

வெளியிலிருந்து வருவதும் இப்போது மலிவு இல்லை. பிரேசிலில் விளைச்சல் படுத்ததும் யென் விழுந்ததும் சேர்ந்து, 2024இல் ஆரஞ்சு சாறு கிடைக்காமல் சில நிறுவனங்கள் விற்பனையையே நிறுத்தின. அப்போது மிகான் சாறு கேட்டு இங்கே வந்தார்கள். கொடுக்கலாம் என்றால் பழம் இல்லை. மிகான் மரம் ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும். வேண்டும்போது கூட்டிக்கொள்ள முடியாது.

கார்த்தி_சைத்தாமா:

அண்ணா, படித்துவிட்டு மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். தழும்புப் பழம் 5 கிலோ இன்றே சொல்லிவிட்டோம். எலுமிச்சை, நார்த்தங்காய் விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். மாமியார் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

புளியங்குடிக்காரன்:

தம்பி, முதலில் அந்தப் பெட்டியை நிறுத்துங்கள்! இந்தியாவிலிருந்து எலுமிச்சை, நார்த்தங்காய், சாத்துக்குடி எதையும் பழமாக ஜப்பானுக்குள் கொண்டுவரத் தடை. பழ ஈ கூடவே வந்துவிடும் என்பதற்காக. விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள், மறைத்து எடுத்து வந்தால் தண்டனையும் உண்டு. பாவம், பெரியவரை அந்த நிலைமையில் நிறுத்த வேண்டாம்.

இங்கேயே போடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் எலுமிச்சை பெரும்பாலும் அமெரிக்கா, சிலியிலிருந்து வருவது. கப்பலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள். ‘இமாசலில்’ (Imazalil) மாதிரி அந்த மருந்தின் பெயர் விலை அட்டையிலோ பையிலோ இருக்கும், அப்படி எழுதியே ஆகவேண்டும் என்பது சட்டம். சாறு மட்டும் பிழிவதானால் பெரிய விஷயமில்லை. நாம் தோலோடு ஊறப்போடுகிறோம். அதனால் ‘கொக்குசான்’, அதாவது உள்நாட்டுப் பழம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஹிரோஷிமாவின் செதோதா பக்கம் எலுமிச்சைக்குப் பேர்போனது. அக்டோபரில் பச்சையாக வரத் தொடங்கும், குளிர் ஏற ஏற மஞ்சளாகும். நம் நாட்டு எலுமிச்சையைவிடத் தோல் தடிமன், அதனால் எட்டுத் துண்டுக்குப் பதில் பன்னிரண்டாக நறுக்குங்கள், உப்பில் இன்னும் சில நாள் கூடுதலாக ஊறட்டும். நான் பச்சைப் பழத்தில்தான் போடுவேன், வாசனை தூக்கலாக இருக்கும்.

நார்த்தங்காய்க்கு நான் பயன்படுத்துவது தாய்தாய். புத்தாண்டு அலங்காரத்துக்காக டிசம்பர் கடைசியில் கடைகளில் வரும் புளிப்புப் பழம் அது. கசப்பும் புளிப்பும் சரியாக இருக்கும். எங்கள் பக்கத்துக் கடையில் பண்டிகை முடிந்ததும் விலையைக் குறைத்துவிடுவார்கள், அப்போது வாங்குவேன். அது கிடைக்காவிட்டால் வசந்த காலத்தில் நட்சு மிகான் வரும், அதன் கெட்டித் தோலும் உப்புப் பிடிக்கும். சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து வெயிலில் வையுங்கள். குளிர்காலத்தில் உங்கள் சைத்தாமாவில் வானம் வெளுத்து, காற்று வறண்டு இருக்கும். மாமியார் வரும் ஜனவரிதான் அதற்கு ஏற்ற மாதம். பால்கனியில் வலை மூடிக் காய வைத்தால் தூசியும் காக்கையும் அண்டாது.

மிகான் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஹீட்டர் ஓடாத அறையில், மூடியைத் திறந்து, காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிப் பார்த்தால் போதும்.