பண்ணையில் வேண்டாமென்று கழித்த கோழிகளை வீட்டுக் கோழிகளோடு சேர்க்கலாமா?

செராங்கூன் மாலா:
வணக்கம். சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன்ஸில் எங்களுடையது வரிசைத் தரைவீடு. பின்கட்டில் ஐந்து கோழிகள் வளர்க்கிறேன். மூன்று முட்டையிடுபவை. மற்ற இரண்டும் இன்னும் முட்டையிடாத விடைக்கோழிகள், நண்பர் தந்த முட்டைகளை அடைவைத்துப் பொரித்தவை. மூன்று மாதம்தான் ஆகிறது, தடுப்பூசி எதுவும் போடவில்லை. இப்போது முட்டைப் பண்ணையில் கழித்த நான்கு கோழிகளுக்குத் தெரிந்தவர் ஒருவர் இடம் தேடுகிறார். பாதி இறகு இல்லை, அலகு நுனி வெட்டியிருக்கிறது. ஆனால் நன்றாகத் தின்கின்றன, எச்சமும் கெட்டியாக இருக்கிறதாம். பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பின்கட்டில் நடுவே வலை அடித்து ஒரு வாரம் பிரித்து வைத்தால் போதுமா?

சிலேத்தார் சேகர்:
மாலா, ஒரு வாரமும் போதாது, வலையும் போதாது. 30 நாள் வையுங்கள். ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமி உள்ளே புகுந்து நோய் வெளியே தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். கொரைசா என்ற சளிநோய் வந்தால் இரண்டு மூன்று நாளில் முகம் வீங்கும், மூக்கில் நாற்றமெடுத்த சளி வடியும். இவை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எனக்குப் பயம் தெரியாமல் வருபவைமேல்தான். மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுநோய்க் கிருமி ஒருமுறை ஒட்டினால் அந்தக் கோழி ஆயுள் முழுக்கச் சுமக்கும். மருந்து கொடுத்தால் தும்மல் நிற்கும், கிருமி போகாது. இடம் மாறிய அலைச்சலில் மறுபடி கிளம்பும்.

அடுத்தது மேரெக்ஸ், நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய். பண்ணைக் கோழிகளுக்குப் பொரித்த உடனேயே இதற்குத் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். அது அந்தக் கோழியை நோயில் விழாமல் காக்கும். ஆனால் கிருமி உடம்பில் தங்கி இறகுப் பொடியோடு உதிர்ந்துகொண்டே இருக்கலாம், காற்றிலும் போகும். தடுப்பூசி போடாத மூன்று மாத விடைகளுக்குத்தான் இது எமன். கால் இழுத்துக்கொண்டு விழுந்துவிடும், மருந்து கிடையாது. உங்கள் விடைகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்வரை அந்த நான்கும் உங்கள் வீட்டுக்கே வர வேண்டாம் என்பேன். அப்போதும் ஆபத்து அடியோடு போகாது, குறையும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கையில் இருக்கும் உயிர்களுக்குத்தான் நீங்கள் முதலில் பொறுப்பு.

பிறகு எடுத்தால், புதியவை முன்பக்கம் கார் நிறுத்துமிடத்தில், பழையவை பின்கட்டில். இரண்டுக்கும் நடுவில் வீடு இருக்கட்டும். காலையில் பழைய கோழிகளுக்குத் தீனி தண்ணீர் வைத்து முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். அங்கே தனிச் செருப்பு, தனி வாளி, தனித் துடைப்பம். நோய் பெரும்பாலும் நம் காலிலும் கையிலும்தான் வீட்டுக்குள் நடந்து வருகிறது. இரவில் டார்ச் எடுத்து ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கிப் பாருங்கள், செள் இருந்தால் தெரியும். ரத்தக்கழிச்சல் கிருமிக்கு நம் ஊர்ச் சூடும் ஈரமும் கொண்டாட்டம், எச்சத்தில் விழுந்து ஓரிரண்டு நாளில் தொற்றத் தயாராகிவிடும். பிளீச் அதைக் கொல்லாது. தரையில் பரப்பும் மரத்தூளை உலர்வாக வைத்திருப்பதுதான் வழி.

அந்த 30 நாளில் கடைசிப் பத்து நாள் உங்கள் பழைய கோழிகளில் திடமான ஒன்றை எடுத்துப் புதியவற்றோடு விடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் நோய் காட்டாமல் சுமக்கும் கோழியை வெறுமனே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒன்று தும்மினால் மற்ற நான்கு தப்பிக்கும்.

செம்பவாங் சாந்தி:
மாலா, சேகர் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரைவீட்டில் அதிகபட்சம் பத்துக் கோழி வளர்க்கலாம், நான்கும் வந்தால் ஒன்பது, சரிதான். வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்படாதீர்கள், அங்கே அனுமதி இல்லை. கூண்டுக்குள் மைனாவும் புறாவும் நுழையாதபடி மேலேயும் வலை வேண்டும், பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளோடு வரலாம். திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் தோண்டிப் புதைக்காமல் தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

கூண்டிலேயே வாழ்ந்த கோழிக்குக் கால் எலும்பு பலவீனமாக இருக்கும். கோழி ஏறி உட்காரும் பரணைத் தாழ்வாகக் கட்டுங்கள், சிப்பித்தூள் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சேர்க்கும்போது ஒவ்வொன்றாக விடாமல் நான்கையும் சேர்த்தே விடுங்கள். தனியாகப் போகும் கோழியை மற்றவை கொத்தித் தீர்த்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவையுங்கள், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி நோயில்லாத கோழியிடமும் இருக்கலாம்.

செராங்கூன் மாலா:
ரொம்ப நன்றி சேகர் அண்ணா, சாந்தி அக்கா. தெரிந்தவரிடம் பேசினேன். விடைகள் முட்டையிடும்வரை தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டலாமா? என்ன பரிசோதனை கேட்கட்டும்?

சிலேத்தார் சேகர்:
தாராளமாக. நான்கின் எச்சத்தையும் கொண்டுபோய்க் குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் பார்க்கச் சொல்லுங்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குத் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா இருப்பதாக வந்தால் இரண்டு கூட்டத்தையும் சேர்க்கவே வேண்டாம். உங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தனிக் கூண்டுக்கு இடம் இல்லையென்றால், வேறு கோழியே இல்லாத வீட்டைத் தேடச் சொல்லுங்கள். நானும் விசாரிக்கிறேன்.