அத்தை வீட்டு ஏசிக்கு கேஸ்

செல்வி அத்தை: ஏசி மெக்கானிக் வந்திருக்கிறார். கேஸ் குறைந்துவிட்டதாம். இருப்பதைத் திறந்துவிட்டு முழுசாக நிரப்புகிறேன் என்கிறார். போன கோடையிலும் இதே பாட்டுதான். சரி சொல்லிவிடவா?

கார்த்தி: இருங்கள் அத்தை! வெளி யூனிட் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும். என்ன கேஸ், எவ்வளவு?

செல்வி அத்தை: ஆர்22. 1 கிலோ.

கார்த்தி: திறந்துவிட விடாதீர்கள். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை அது. குறைகிறதென்றால் எங்கோ லீக். செம்புக் குழாய் நட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்ச கேஸை ரெகவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்கட்டும்.

பெரியப்பா: இந்த கேஸ் வெளியே போனால் ஓசோனில் ஓட்டை விழும், அதற்காகத்தானே? அது பழைய கதை இல்லையா?

கார்த்தி: அது பாதிக் கதை பெரியப்பா. 100 ஆண்டுக் கணக்கில் ஆர்22 கரியமில வாயுவைவிட சுமார் 1,800 மடங்கு சூடேற்றும். அந்த 1 கிலோ போனால் 1.8 டன் கரியமில வாயு விட்ட மாதிரி. நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டு தயாரிக்கச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயுதான் வருகிறது. வகுத்துப் பாருங்கள்.

பெரியப்பா: ஏறக்குறைய 2,500 யூனிட்! அடேங்கப்பா.

மீனா: பேசாமல் ஆர்32 ஏசி வாங்கிவிடலாமே? சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று விளம்பரம் வருகிறதே.

கார்த்தி: ஓசோனைத் தொடாது. ஆனால் அதுவும் 675 மடங்கு. நல்லது என்று சொல்ல மாட்டேன், கெடுதல் குறைவு. அந்த வகை கேஸ்களைக் குறைக்கத்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா 2021இல் ஏற்றது. 2032இல் குறைக்கத் தொடங்கி 2047க்குள் 85% குறைக்க வேண்டும்.

மீனா: அப்போ அரசே பார்த்துக்கொள்ளும்.

கார்த்தி: அங்கேதான் இடிக்கிறது. ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது உற்பத்தியையும் இறக்குமதியையும்தான். ஏற்கெனவே சுவரில் தொங்கும் ஏசிகளுக்குள் இருப்பது அந்தக் கணக்கில் வராது. ஸ்டார் ரேட்டிங், 24 டிகிரி என்று கரண்டு பக்கம் ஆயிரம் பேசுகிறோம். ஒழுகும் கேஸை யார் அளக்கிறார்கள்? கடைசியில் எல்லாம் மெக்கானிக் கையில்.

செல்வி அத்தை: நுரை வந்துவிட்டது! உள் யூனிட் பின்னால் ஒரு நட்டில். போன வருஷம் கொடுத்த காசெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

பெரியப்பா: இறுக்கினால் போதுமா?

செல்வி அத்தை: குழாய் முனையை வெட்டிப் புதுசாக விரிக்க வேண்டுமாம். ரெகவரி மெஷின் கடையில் இருக்கிறதாம், நாளைக்குக் கொண்டுவருகிறார். தனியாகக் காசு கேட்பார் போல.

கார்த்தி: கொடுங்கள் அத்தை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் மூன்று மாடி ஏற வேண்டுமே.