'லெஃப்ட்ஓவர்ஸ்' எச்சிலா, மிச்சமா?

சொல்தேடி:
ஆங்கிலச் சிறுகதை ஒன்றின் தமிழாக்கத்தை நேற்று படித்தேன். முந்தைய இரவு சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்துவைத்த 'லெஃப்ட்ஓவர்ஸ்' அதில் 'எச்சில் உணவு' என்று ஆகியிருந்தது. இது பிழை என்பதே என் உறுதியான கருத்து. அனைவரும் உண்ட பின் எஞ்சி, பிறகு உண்பதற்கென எடுத்துவைக்கப்படும் உணவைத்தான் அந்தப் பெயர்ச்சொல் குறிக்கிறது; வாய்பட்டது என்ற குறிப்பு அதில் இல்லை.

அகராதிப்பித்தன்:
முழுவதும் ஏற்க இயலவில்லை. உணவகத்தில் தட்டில் பாதியை உண்டுவிட்டு மீதியைக் கட்டி வாங்கிச் சென்றால், அதையும் ஆங்கிலத்தில் லெஃப்ட்ஓவர்ஸ் என்றே சொல்வார்கள்; அது வாய்பட்ட உணவுதானே? மேலும் எச்சம், எச்சில் இரண்டும் 'எஞ்சு' என்னும் வினையோடு உறவுடையவை. எச்சில் என்பதன் அடிப்படைப் பொருளே எஞ்சியது என்பதுதான்.

சொல்தேடி:
தட்டில் எஞ்சுவதை நான் எண்ணிப்பார்க்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு சொல் இடங்கொடுக்கும் பொருள் வேறு, அது வெளிப்படையாகச் சொல்லும் பொருள் வேறு. வேரைக் கொண்டு இன்றைய வழக்கை முடிவுசெய்வதும் சரியன்று. பெயரெச்சம் என்னும்போது எவரும் பறவையின் எச்சத்தை நினைப்பதில்லை. எச்சில் என்றாலோ உமிழ்நீரும் அதனோடு வரும் அருவருப்பும் உடனே மனத்தில் எழுகின்றன, அந்த அருவருப்பு ஆங்கிலச் சொல்லில் அறவே இல்லை. உண்டபின் கழிந்துபோகும் துணுக்குகளுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கிராப்ஸ்' என்று தனிச்சொல்லே இருக்கிறது.

பிழைதிருத்துநர்:
இருவரும் கவனிக்காத ஒன்று, எண். உணவைக் குறிக்கையில் இச்சொல் பெரும்பாலும் பன்மையில்தான் வரும். ஒருமையில் வந்தால், பழைய காலத்திலிருந்து இன்னும் நீடிக்கும் ஒரு வழக்கத்தையோ விதியையோ குறிப்பதும் உண்டு; அங்கே 'எச்சம்' அழகாகப் பொருந்தும். 'ரிமெயின்ஸ்' என்பதை இதற்கு மாற்றாக எழுதுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: விருந்தின் ரிமெயின்ஸ் என்றால் மேசையில் எஞ்சியவை, மனிதரின் ரிமெயின்ஸ் என்றால் சடலம்.

அகராதிப்பித்தன்:
வேர்ப்பொருள் வாதத்தை நான் கைவிடுகிறேன். எனினும் 'மிச்சம்' எல்லா இடத்துக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். பிறர் உண்டு ஒதுக்கியதைக் கொடுத்து ஒருவரை அவமதிக்கும் காட்சியாக இருந்தால், எச்சில் என்ற சொல்லே அந்த வலியைத் தாங்கும். அக்கதையில் அதை உண்பவர் யார்?

சொல்தேடி:
சமைத்தவளே மறுநாள் மதியம் சூடுபடுத்தி உண்கிறாள்.

அகராதிப்பித்தன்:
அப்படியானால் 'மிச்ச உணவு' என்றே திருத்த வேண்டும்.