பழைய எம்எக்ஸ்-5, வீட்டு வாசலில் வைத்தே மாற்ற ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

ரெடிங்_கார்த்தி

வணக்கம் மக்களே. ரொம்ப நாள் ஆசை, கடைசியில் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் இரண்டு சீட் கார்) வாங்கிவிட்டேன். 2002 மாடல், இங்கிலாந்தில் மார்க் 2.5 என்கிறார்களே அது. 1.8 எஞ்சின், ஐந்து கியர், ஸ்போர்ட் இல்லை, சாதா. பெயிண்ட் சுமார், எஞ்சின் நன்றாக இழுக்கிறது, எம்ஓடி (இங்கே வருடாவருடம் எடுக்க வேண்டிய வாகனத் தகுதிச் சோதனை) அடுத்த வசந்தம் வரை இருக்கிறது.

வேலையை நானே செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன், அதனால் "கடையில் கொடுத்துவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்போது ஆன்லைன் கூடையில் கிடப்பவை: விலை குறைந்த கொயிலோவர் செட் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது), கோன் ஃபில்டர் (எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் கூம்பு ஃபில்டர்), சைலன்சர் (பின்பக்கம் மட்டும்), 17 இஞ்ச் அலாய், சக்கரத்தை வெளியே தள்ளும் 20 மில்லிமீட்டர் ஸ்பேசர். மொத்த பட்ஜெட் 1,200 பவுண்டு. டர்போ பற்றியும் ஒரு ஓரமாக யோசனை ஓடுகிறது.

கராஜ் கிடையாது. வீட்டு முன்னால் சிமெண்ட் போட்ட இடம், தெருவைப் பார்த்து லேசான சரிவு. ஒரு சாக்கெட் செட்டும், காரோடு வந்த ஜாக்கியும் இருக்கின்றன. இன்னும் இரண்டு விஷயம்: ஹேண்ட் பிரேக்கை ரொம்ப மேலே இழுத்தால்தான் பிடிக்கிறது, வேகத்தடை ஏறும்போது பின்னால் எங்கோ டக் டக் என்று சத்தம். இவற்றையும் சேர்த்துப் பார்க்கலாமா?

துருப்பிடித்த_ஸ்பேனர்

வாழ்த்துகள் கார்த்தி. முதலில் அந்தக் கூடையைக் காலி பண்ணு, அப்புறம் பேசலாம்.

கோபப்படாதே. இந்தக் கார் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, 145 குதிரைத்திறன் சொச்சம், நாலு பக்கமும் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடிக்கும் சஸ்பென்ஷன்). இது வேகத்துக்காகச் செய்த வண்டி இல்லை, வளைவில் திருப்பும்போது கைக்குத் தெரிய வேண்டும் என்று செய்தது. நீ போட்டிருக்கும் பட்டியலில் கோன் ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சூடான காற்றை இழுக்கும், பின் சைலன்சரால் சத்தம் வரும், பவர் வராது, 17 இஞ்ச் அலாயால் சக்கரத்தின் எடை ஏறும். உன் காருக்கு வந்த அளவு 195/50 ஆர்15. நல்ல லேசான 15 இஞ்ச் சக்கரத்தில் நல்ல டயர் போட்டு ஓட்டிப் பார், பிறகு 17 பக்கம் போக மாட்டாய். ஸ்பேசர் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை, பார்க்க அகலமாகத் தெரியும் என்பதைத் தவிர. பேரிங்குக்குத்தான் சுமை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் துரு. மார்க் 2, 2.5 இரண்டுக்கும் பெரிய வியாதி முன் சேஸி ரெயில், அதாவது காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம். ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) மாட்டும் இடத்தைச் சுற்றிக் கீழே படுத்துப் பார். அந்த ரெயில் உள்ளே அடுக்கடுக்கான தகடு, நடுவில் தண்ணீரும் உப்பும் தங்கி உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும், வெளியில் தெரியும்போது பாதி போயிருக்கும். சின்னச் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போ. கணீர் என்று கேட்டால் சரி, மொத்தையாகக் கேட்டாலோ தோல் மாதிரி உரிந்தாலோ வெல்டருக்குப் போன் பண்ணு. சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலவீனமாக இருந்தால் எம்ஓடியில் போய்விடும். அந்த ரெயிலில் புதுக் கொயிலோவர் மாட்டி என்ன பிரயோஜனம்?

அடுத்தது பின் சில், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் பின்பகுதி. சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் கூரைத் தண்ணீர் இறங்கும் ஓட்டை உண்டு. இலைக் குப்பை அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள் இறங்கி அங்கிருந்து அரிக்கும். இதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் பொறுமையும் போதும். கம்பியை விட்டுக் குத்தாதே, உள்ளே ரப்பர் கிழியும்.

துரு இல்லை என்றால் வரிசை இதுதான்: டயர், பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் எண்ணெய், தேய்ந்த புஷ் (சஸ்பென்ஷன் மூட்டில் இருக்கும் ரப்பர்), அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). பணம் மிச்சம் இருந்தால் ஷாக்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 3114 என்றால் 2014ஆம் வருடம் 31ஆம் வாரம் செய்தது. உன்னுடையதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

மில்டன்கீன்ஸ்_மாமா

தம்பி, மேலே எழுதியவர் சொன்னதெல்லாம் சரி. நான் ஜாக்கி விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சரிவான இடம் என்று நீ எழுதியதைப் பார்த்தவுடன் பயம் வந்தது.

காரோடு வந்த ஜாக்கி வழியில் சில்லு (சக்கரம்) மாற்ற மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு காருக்குக் கீழே ஒருக்காலும் போகாதே. ஒரு ட்ரொலி ஜாக்கி, தூக்கின காரைத் தாங்க நாலு ஸ்ராண்ட், சில்லு உருளாமல் வைக்க நாலு கட்டை, இவற்றை வாங்கின பிறகுதான் மற்றச் சாமான். முன்பக்கம் தூக்குவதென்றால் நடுவில் குறுக்குச் சட்டம், பின்பக்கம் டிஃபரென்ஷியலுக்குக் கீழே, இடையில் ஒரு ரப்பர் துண்டு வை. ஸ்ராண்ட் வைக்கிற இடம் சில் ஓரத்தில் பலப்படுத்தின இடம், அது துருப்பிடித்திருந்தால் அங்கே வைக்கக் கூடாது.

இன்னொன்று கவனம். இது பின் சில்லு இழுக்கிற கார். ஹாண்ட் பிறேக் பிடிப்பதும் பின் சில்லை, கியரில் விட்டாலும் பிடிப்பது பின் சில்லை. பின்பக்கத்தைத் தூக்கின அந்த நிமிஷமே காரைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்த பிறகுதான் தூக்க வேண்டும். சரிவு கொஞ்சம் என்றாலும் வேண்டாம், தெரிந்தவர் யாரிடமாவது மட்டமான இடம் இருந்தால் ஒரு சனிக்கிழமை கேள், ஒரு சாப்பாட்டோடு விஷயம் முடியும்.

ஹாண்ட் பிறேக்குக்குக் காசு ஒன்றும் தேவையில்லை, அநேகமாக அட்ஜஸ்ட்மென்ற்தான். பின் பிறேக்கில் பேட்டை அழுத்துகிற கலிப்பரின் பின்பக்கத்தில் மூடி மாதிரி ஒரு 14 மில்லிமீட்டர் போல்ட் இருக்கும். அதைக் கழட்டினால் உள்ளே 4 மில்லிமீட்டர் அலன் சாவி போகிற திருகு. வலப்பக்கம் முறுக்கினால் பேட் டிஸ்க்கை நெருங்கும். சில்லு சுற்றாமல் இறுகும் வரை முறுக்கி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னுக்கு விடு. இரண்டு பக்கமும் அப்படியே. மற்றக் கார்களில் பிஸ்டனை அழுத்திச் சுற்றி உள்ளே தள்ளுகிற கருவி இருக்கிறதே, அதை இதற்குப் பாவித்தால் கலிப்பர் பழுதாகும். பேட் மாற்றும்போதும் இதே திருகை இடப்பக்கம் முறுக்கித்தான் பிஸ்டனை உள்ளே எடுக்க வேண்டும். அப்படியே கலிப்பர் நகருகிற ஸ்லைட் பின் (ஊசி) இரண்டும் கையால் அசைகிறதா என்று பார், இந்தக் காரில் பின்பக்கக் கலிப்பரில் அந்த ஊசிகள் இறுகுவது வழமை.

டக் டக் சத்தத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ஆன்ரி ரோல் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற லிங்க். மலிவான சாமான்.

பூஸ்ட்_பாலா

எல்லாரும் சேர்ந்து தம்பியின் ஆசையைக் கொன்றுவிட்டீர்கள் :) இருபது வயதுக் காரை வாங்கிவிட்டுப் புஷ் மாற்றுவதுதான் சந்தோஷம் என்றால் நான் எதற்கு வார இறுதியில் வெளியே வருகிறேன்? சைலன்சர் போடட்டும் அண்ணே, கூரையைத் திறந்து ஓட்டும்போது அந்தச் சத்தத்தில் கிடைக்கும் சிரிப்புக்குக் குதிரைத்திறன் கணக்கு எதற்கு. ஸ்பேசரும் கோன் ஃபில்டரும் வேண்டாம் என்பதில் மட்டும் நானும் உங்கள் கட்சி.

டர்போ பற்றி, நான் போட்டிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். 1,200 பவுண்டில் வராது, அதில் பாதி வேலைகூட முடியாது. கிட் விலை மட்டும் பார்க்கக் கூடாது. இந்தக் காரின் ஈசியூவை (எஞ்சினை நடத்தும் கணினி) எளிதில் மாற்றி எழுத முடியாது என்பதால் தனி ஈசியூ, எரிபொருள் பீய்ச்சும் பெரிய இஞ்செக்டர், கிளட்ச், ட்யூனிங் என்று வரிசையாக வரும். ஆசைப்பட்டு பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றினால் 1.8இல் முதலில் வளைவது பிஸ்டனைப் பிடிக்கும் கனெக்டிங் ராடு. ஐந்து கியர் பெட்டியும் ரொம்ப டார்க் (முறுக்கு விசை) தாங்காது.

அதைவிட யாரும் முதலில் சொல்லாத விஷயம் சூடு. மாஸ்டாவின் முன் சக்கர இழுவைக் கார்களில் குறுக்காகக் கிடந்த எஞ்சின் குடும்பம் இது, இங்கே நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள். தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் முன்பக்கமே இருப்பதால் தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறப் பார்க்கும், கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. சாதாவாக ஓட்டும்போது பிரச்சினை இல்லை. டர்போ போட்டு நன்றாக விரட்டினால் அங்கேதான் முதலில் தெரியும், அதனால்தான் தெர்மோஸ்டாட்டைப் பின்னால் மாற்றும் கிட் விற்கிறார்கள். டர்போ வேண்டும் என்றால் தாராளமாகப் போடு, ஆனால் அதற்குத் தனியாகக் காசு சேர். இந்தப் பணத்தில் டயர் வாங்கு. (அடச்சே, நானும் அதே கட்சிக்கு வந்துவிட்டேன்.)

பச்சை_ரோட்ஸ்டர்

எதை மாட்டினாலும் இன்ஷூரன்ஸில் சொல்லிவிடுங்கள். அலாய், கொயிலோவர், சைலன்சர் எல்லாமே மாற்றம் என்ற கணக்குதான். 2012ஆம் வருடச் சட்டப்படி அவர்கள் கேட்கும் கேள்விக்கு நாம் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், மாற்றம் உண்டா என்று கேட்காத நிறுவனம் அநேகமாக இல்லை. போனில் சொன்னதோடு விடாமல் மெயிலில் பதில் வாங்கி வையுங்கள். மாற்றிய கார்களுக்கென்றே பாலிசி தருபவர்கள் இருக்கிறார்கள், சில சமயம் அதுவே மலிவாக வரும்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றினால் எம்ஓடி கிடைக்காது. ஸ்டியரிங் மாற்றி ஏர்பேக் விளக்கு எரிந்தாலும் அப்படித்தான்.

ரெடிங்_கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. கூடையைக் காலி பண்ணிவிட்டேன், சைலன்சர் மட்டும் "பிறகு பார்க்கலாம்" பட்டியலில் இருக்கிறது, பாலா அண்ணனுக்காக.

மாமா சொன்ன மாதிரி நண்பர் வீட்டு மட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், ஸ்டாண்ட் வைத்துப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக் அந்த அலன் திருகிலேயே சரியாகிவிட்டது, நம்பவே முடியவில்லை. சத்தம் வலது பின் லிங்க்தான், ரப்பர் கிழிந்து உள்ளே பந்து மூட்டு ஆடுகிறது. இடது சேஸி ரெயில் கணீர். வலது பக்கம் அடியில் உள்ளங்கை அளவுக்கு உரிகிறது, தட்டினால் மொத்தைச் சத்தம். வெல்டரிடம் காட்டியாகிவிட்டது, 350 பவுண்டு கேட்கிறார். டயர் இலக்கம் 0813!

ஆக மீதி 850. டயர் போக மிச்சத்தில் கொயிலோவர் வாங்குவதா, சாதாரண ஷாக் போதுமா? கீழ் விஷ்போனின் உள்பக்க போல்ட்டில் பிரேக்கர் பாரை (இறுகிய போல்ட்டுக்கான நீளக் கைப்பிடி) போட்டுப் பார்த்தேன், தலை திரும்புகிற மாதிரி இருக்கிறது ஆனால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

துருப்பிடித்த_ஸ்பேனர்

0813 என்றால் அந்த டயருக்கு வாக்களிக்கும் வயதே நெருங்குகிறது. அதை முதலில் தூக்கிப் போடு. வெல்டிங் முடிந்ததும் உள்ளே மெழுகு அடிக்கச் சொல், அந்த ஓட்டைகள் திறந்திருக்கும்போதே.

கொயிலோவர் வேண்டாம், இந்தப் பட்ஜெட்டில் வேண்டவே வேண்டாம். மலிவான செட்டுகள் பலவற்றில் ஸ்பிரிங் இருக்கையை மட்டும்தான் கீழே இறக்க முடியும். இறக்க இறக்க ஷாக்கின் ஓட்டம் குறையும், கடைசியில் கார் பம்ப் ஸ்டாப் (ஓட்டத்தின் முடிவில் முட்டும் ரப்பர்) மேலேயே உட்கார்ந்து போகும், வளைவு நடுவில் ஒரு குழி வந்தால் பின்பக்கம் துள்ளும். இந்த வண்டியில் ஓட்டம் ஏற்கனவே குறைவு. ஸ்போர்ட் மாடலில் வந்த பில்ஸ்டீன் ஷாக் பழையது நல்ல நிலையில் கிடைத்தால் எடு, இல்லை நல்ல சாதாரண ஷாக் நாலு. ஸ்பிரிங்கைக் கழற்ற நல்ல கம்ப்ரஸர் வேண்டும், அழுத்திய ஸ்பிரிங் தவறினால் ஆளையே சாய்த்துவிடும். தைரியம் இல்லையென்றால் ஷாக்கோடு கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் கொடு, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தருவார்கள், அதிகம் கேட்க மாட்டார்கள்.

போல்ட் விஷயத்தில் நிறுத்தியது நல்லது. அவை எக்சென்ட்ரிக் போல்ட் (நடு விலகிய, திருப்பினால் கையை நகர்த்தும் போல்ட்), ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு. அலைன்மென்ட் செய்வதே அவற்றைத் திருப்பித்தான். போல்ட் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் உள்ளே போகாது. அடையாளம் போட்டுக்கொண்டு, நட்டைக் கழற்றி, தலையை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டு. வரவில்லை என்றால் பேய்த்தனமாக இழுக்காதே, இரண்டு பக்கமும் வாளால் அறுத்து எடுத்துப் புது போல்ட்டும் புது புஷ்ஷும் போடுவதுதான் வழி. புதியதை மாட்டும்போது போல்ட் முழுக்க ஆன்ட்டி சீஸ் (துருவில் ஒட்டாமல் காக்கும் பசை) தடவு, அடுத்தவன் உனக்கு நன்றி சொல்வான்.

வீட்டில் செய்பவர்கள் அநேகமாக விடும் இடம் ஒன்று உண்டு. கார் ஸ்டாண்டில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாக நிற்கும். வேலை தொடங்கும் முன்பே கார் தரையில் நிற்கும்போது சக்கர நடுவிலிருந்து மேல் வளைவு வரை நாலு பக்கமும் அளந்து டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டு. எல்லாம் மாட்டியதும் போல்ட்டைக் கையால் இறுக்கிய அளவில் விட்டு, கீழ் விஷ்போனுக்கு அடியில் ஜாக்கி வைத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அப்புறம் டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) போடு.

கடைசியில் அலைன்மென்ட், அது மட்டும் கடையில்தான். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) முன்னால் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5, கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 டிகிரிக்குப் பக்கம், டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே பார்க்கும் அளவு) முன்னால் பூஜ்யம், பின்னால் மிக லேசாக உள்ளே. தாளில் எழுதிக் கையில் கொடு, நீ ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்கச் சொல். சும்மா விட்டால் திரையில் எல்லாம் பச்சை வந்ததும் பில் போட்டுவிடுவார்கள்.