புதுப்பிப்பு: இந்திய உரிமத்துடன் இங்கிலாந்தில் பைக்

சென்னையில் எடுத்த உரிமத்தை வைத்து இங்கிலாந்தில் எவ்வளவு காலம் பைக் ஓட்டலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். குடியேறிய நாளிலிருந்து 12 மாதம். அதைக் கொடுத்து இங்குள்ள உரிமமாக மாற்றிக்கொள்ள வழியில்லை. பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவன் மறுபடி கற்றுக்குட்டியா என்று மனம் வலித்தது. ஆனாலும் தற்காலிக உரிமம் வாங்கி, சிபிடி எனும் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன். சான்று 2 ஆண்டு செல்லும். எல் பலகையுடன் 125 சிசி வரை ஓட்டலாம், பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, மோட்டார்வே எனும் அதிவேக நெடுஞ்சாலையில் நுழையக்கூடாது.

திரும்புமுன் தோளுக்கு மேல் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்றுநர் விடாமல் சொல்லித்தந்தார். கண்ணாடியில் தெரியாத சைக்கிள்காரர் அங்கேதான் இருப்பார்! கோட்பாட்டுத் தேர்வு அடுத்த வாரம். பிறகு இரண்டு ஓட்டுத் தேர்வுகள்.