1/56 அளவில் மலை ஜீப்: அளவு சரியாக இருந்தும் பொம்மை மாதிரி தெரிகிறது, ஏன்?

தாண்டிக்குடியான்

வணக்கம். 28 மி.மீ. உயரக் குட்டி மனித உருவங்களை வைத்து (கிட்டத்தட்ட 1/56, அதாவது நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு) மேசையில் விளையாடுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்களுடையது கடையில் வாங்கிய ஆட்டம் இல்லை. நானும் அக்கா மகனும் போன மழைக்காலத்தில் உட்கார்ந்து எழுதிய விதிகள். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் ரோடுதான் மேசை. ஜீப் ஒரு முறைக்கு ஆறு அங்குலம் போகும், கொண்டை ஊசி வளைவில் இரண்டு அங்குலம்தான். பனிமூட்டம் இறங்கினால் எட்டு அங்குலத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. காட்டுமாடு எங்கே நிற்கிறது என்பதைப் பகடை சொல்லும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு யார் முதலில் கீழே சேர்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இத்தனை நாள் ஜீப்புக்குப் பதில் தீப்பெட்டிதான் ஓடியது. "மாமா, இதைப் பார்த்து காட்டுமாடு கூட ஒதுங்காது" என்று அவன் சொன்ன பிறகுதான் நானே ஒன்று செய்வோம் என்று இறங்கினேன்.

மாதிரி எங்கள் சித்தப்பாவின் பழைய மஹிந்திரா ஜீப். பானட் உயரமாக இருக்குமே, அந்த சி.ஜே. 3பி வகை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு காலை முழுக்க அளந்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. அதை 56-ஆல் வகுத்தால் 36.3 மி.மீ. டயரின் உயரம் கிட்டத்தட்ட 725 மி.மீ. வந்தது, மாதிரியில் 13. அடித்தளத்துக்கு 3 மி.மீ. சன்போர்டு, அதாவது பிளாஸ்டிக் நுரைப் பலகை. உடம்பு முழுக்கக் காலாவதியான ஏ.டி.எம். அட்டைகள், வீட்டில் ஒருவரையும் விடாமல் கேட்டு வாங்கியது. சக்கரத்துக்குப் பழைய ஸ்வெட்டர் பட்டன், துளையை எம்சீல் வைத்து அடைத்தேன். முன் கிரில்லின் ஏழு துளைகளை பிளேடால் வெட்டப் போய் இரண்டு அட்டை உடைந்தது. மூன்றாவதில் சுமாராக வந்தது.

அளவில் அரை மில்லிமீட்டர் பிசகு இல்லை. ஆனால் முடித்து மேசையில் வைத்தால் திருவிழாக் கடையில் விற்கும் பொம்மை மாதிரி இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் காட்டினேன். முப்பது வருடமாக இந்த ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குடா, ஆனா இது மலை ஏறாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என்ன குறை என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது பிரச்சினை: நேற்று மாலை திண்ணையில் வைத்து கறுப்பு பிரைமர் ஸ்பிரே அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக நிற்கிறது. டப்பாவில் கோளாறா, என்னிடம் கோளாறா?

---

மதுரை மேசை

நண்பரே, அளவிலேயே பிரச்சினை இருக்கிறது. 28 மி.மீ. உருவங்களுக்குத் தலையும் கையும் பெரிதாக இருக்கும், காலடியில் 2, 3 மி.மீ. தட்டு வேறு. அதன் பக்கத்தில் 1/56 வண்டி குட்டியாகத்தான் தெரியும். 1/48-இல் செய்யுங்கள். நான் செய்யும் லாரிகள் எல்லாம் 1/48தான்.

---

குன்னூர் ரிவெட்

தம்பி, மதுரைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஆனால் அவசரப்பட்டு உடைத்துவிடாதே. உன் ரோடு எவ்வளவு அகலம்? ஜீப் அகலம் 1575 மி.மீ. என்று வைத்துக்கொள். 1/56-இல் அது 28, 1/48-இல் 33. எதிரெதிரே இரண்டு ஜீப் ஒதுங்க வேண்டிய ஆட்டம் என்றால் அந்த 5 மி.மீ. பெரிய விஷயம்.

நான் படத்தைப் பார்த்தவுடன் கவனித்தது வேறு. அட்டையின் விளிம்பு. ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மி.மீ. 56-ஆல் பெருக்கிப் பார், 4 செ.மீ.க்கு மேல் வருகிறது. நிஜ ஜீப்பின் தகடு 1 மி.மீ. கனம் இருந்தாலே அதிகம். உன் வண்டியின் கதவு வெட்டு, மட்கார்டு ஓரம், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் நாலு செ.மீ. கனத்தில் நிற்கின்றன. பீரங்கி வண்டிக்குத்தான் அப்படி இருக்கும். அளவு அத்தனையும் சரியாக இருந்தும் கண் ஏற்க மறுக்கிறது என்றால் காரணம் இதுதான்.

மாற்று எளிது. கண்ணுக்குத் தெரியும் ஓரங்களை மட்டும் உள்பக்கமாகச் சாய்வாக ராவிவிடு. 400 நம்பர் உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் ஒட்டிக்கொண்டு, உள்ளிருந்து வெளிப்பக்கம் நோக்கி. வெளியிலிருந்து பார்த்தால் கத்தி முனை மாதிரி மெலிந்து தெரியவேண்டும், உள்ளே அட்டை முழுக் கனத்தோடு இருக்கட்டும். விளையாடும்போது பத்துப் பேர் கை படும், எல்லாவற்றையும் மெலிதாக்கினால் ஒரு வாரம் தாங்காது. இது எனக்கும் அடிபட்டு வந்த புத்திதான். எங்கள் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தது, நாலு சிலிண்டர், அதில் இரண்டு பல்சக்கரத்துக்கு. மீட்டர் கேஜ் தண்டவாளம் 1/56-இல் 18 மி.மீ.தான் வரும், அதற்கு நடுவே பல் பட்டை. அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, டிரைவர் நிற்கும் கூண்டை மட்டும் கனத்த அட்டையில் வைத்தேன். மொத்த எஞ்சினும் பிஸ்கட் டின் ஆகிவிட்டது.

அடுத்தது நிற்கும் நிலை. நீ செய்திருப்பது சமதரையில் காலியாக நிற்கும் வண்டி. வாழைத்தார் ஏற்றிய ஜீப் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். பின் அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் 1 மி.மீ. குறைத்துவிடு. நிஜத்தில் அது 5.6 செ.மீ. இறக்கம். பட்டை ஸ்பிரிங் பாரத்தில் அவ்வளவு இறங்கினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முன் சக்கரங்களையும் நேராக ஒட்டாதே, மலைப்பக்கம் ஒடித்து வை.

பட்டனை எடுத்துவிடு. பைக் பட்டறையில் ஓ-ரிங் கேள், உள்துளை 8 மி.மீ., கனம் 2.5. மொத்தம் சரியாக 13. நடுவில் 8 மி.மீ. வட்டு ஒன்றை வெட்டி வைத்தால் ரிம். ரப்பரில் பெயின்ட் நிற்காது, அடிக்காதே, கறுப்பாகவே இருக்கட்டும். கிரில்லுக்கும் இனி துளை வெட்டிக்கொண்டிருக்காதே. ஏழு துளை என்றால் நடுவில் ஆறு கம்பி. கறுப்புத் தாள் மேல் ஆறு மெல்லிய பட்டைகளை ஒட்டு, வேலை முடிந்தது.

ஸ்பிரே பற்றி: டப்பாவில் கோளாறு இல்லை. ஐப்பசி மாலையில் திண்ணையில் அடித்தாய், அதுதான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிட்டுப்போகும். காற்று ஈரமாக இருந்தால் அந்தச் சில்லிப்பில் நீர் படிந்து பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெள்ளையாகத் தெரிவது அதுதான். எங்கள் ஊரிலும் இந்த மாதங்களில் இதே கதை. வெயில் அடிக்கும் நாளில் பதினொரு மணி வாக்கில், டப்பாவை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, மெலிதாக மறுபடி ஒரு கை அடி. வெதுவெதுப்பு என்றால் கை தாங்கும் சூடு, அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதே. வெயிலே வராவிட்டால் பிரஷ்ஷால் தடவும் பிரைமர் வாங்கிக்கொள்.

ஃபெவிகுவிக் புகையும் ஈரத்தில் வெள்ளைப் படலம் விடும், முன்கண்ணாடியைக் கடைசியில் வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டு. ஏ.டி.எம். அட்டை பி.வி.சி. என்பதால் பிளம்பர் வைத்திருக்கும் பைப் சொல்யூஷன் அதை உருக்கியே இணைக்கும். முதலில் துண்டு அட்டையில் சோதித்துப் பார், ஜன்னலைத் திறந்து வை. பார்சல் சாம்பார் டப்பாவை மட்டும் தொடாதே. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அதில் பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது.

---

திண்டுக்கல் ஆரி

குன்னூர் சார் சொன்னதற்கு மேல் கட்டுமானத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பெயின்ட் பக்கம். ஆனால் ஹெட்லைட்டுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? பழைய ஜீப்பின் ஹெட்லைட் ஏழு அங்குலம், உங்கள் அளவில் 3 மி.மீ. சொச்சம். ஆரி வேலைக்கு வாங்கும் 3 மி.மீ. வெள்ளைக் கல் அப்படியே பொருந்தும். ஒரு பாக்கெட் வாங்கினால் ஊரில் உள்ள ஜீப்புக்கெல்லாம் போதும்.

வாழைத்தாருக்கு ஓமம். சிரிக்காதீர்கள். சீரகம் 5 மி.மீ., உங்கள் மேசையில் அது ஓரடி நீள வாழைப்பழம். ஓமம் 2 மி.மீ., மலைவாழையின் குட்டைப் பழத்துக்குச் சரி. பல்குச்சியில் 12 மி.மீ. நீளத்துக்குப் பசை தடவி, ஓமத்தை மேல் நோக்கிச் சீப்புச் சீப்பாக அடுக்குங்கள். கடைசியில் வார்னிஷ் கட்டாயம், இல்லாவிட்டால் வண்டு உங்கள் சரக்கைத் தின்றுவிடும்.

படுதாவுக்கு டிஷ்யூ தாள், தண்ணீர் கலந்த ஃபெவிகால். கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் தொய்ய விடுங்கள். அப்புறம் புழுதி. செம்மண்ணை அப்படியே போட்டால் ஒவ்வொரு மணலும் பாறாங்கல்லாகத் தெரியும். எங்கள் தாத்தா நாட்டு மருந்துக்குச் செய்வது போல வஸ்திரகாயம் செய்யுங்கள், பழைய வேட்டித் துணியில் சலித்து விழும் தூள் மட்டும்தான் வேண்டும். சக்கர வளைவுக்குப் பின்னாலும் பின்கதவுக்குக் கீழேயும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், பானட்டில் வேண்டாம்.

---

தாண்டிக்குடியான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இடையில் நாலு நாள் கரண்ட் இல்லை.

1/48-க்கு மாறவில்லை, மதுரை அண்ணன் கோபிக்கக் கூடாது. ரோடு மூன்று அங்குலத்தில் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அதற்குப் பதில் டிரைவர் உருவத்தின் காலடித் தட்டை வெட்டி, இடுப்புக்குக் கீழே எம்சீலில் மடியும் காலும் வைத்து உட்கார வைத்தேன். தட்டு போனதுமே வண்டி பெரிதாகிவிட்டது.

ஓரங்களை ராவியதில்தான் எல்லாம் மாறியது. முதல் மட்கார்டு முடிந்ததும் பக்கத்தில் ராவாத மட்கார்டை வைத்துப் பார்த்தேன், இரண்டும் வேறு வேறு வண்டியுடையது மாதிரி இருந்தது. நகமும் சேர்ந்து தேய்ந்தது, அது வேறு. ஓ-ரிங் பட்டறையில் சும்மாவே கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்டுத்தான் விடவில்லை. ஓமத் தார் மொத்தம் பதினொன்று கட்டினேன். அக்கா சமையலறையில் ஓமத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று சித்தப்பாவிடம் மறுபடி கொண்டுபோனேன். இந்த முறை டீயைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். "பாரம் ஏத்தியிருக்கே" என்றார். பிறகு வண்டிக்குள் விரலை விட்டு எதையோ தேடினார். "கட்டை எங்கடா?"

சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை. அவர் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கும், நான் அன்றைக்கு அதன் மேலேயே உட்கார்ந்துதான் அளந்திருக்கிறேன். தீக்குச்சியில் 3 மி.மீ.க்கு ஆப்பு மாதிரி சீவிவிட்டேன். எங்கே ஒட்டலாம்?

---

குன்னூர் ரிவெட்

ஒட்டாதே. தனியாக வை. சரிவில் நிறுத்தியவன் கட்டை வைக்க மறந்தால் ஜீப் இரண்டு அங்குலம் பின்னால் உருளட்டும்.

---

தாண்டிக்குடியான்

அக்கா மகன் மூன்று அங்குலம் என்கிறான். எழுதிவிட்டோம்.